டென்ஷன் உடம்பில் எங்கே இறங்குகிறது: நான்கு வாரத்தில் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

பிரஷர் 150 காட்டினால் டென்ஷன், சுகர் ஏறினால் டென்ஷன், வயிறு எரிந்தால் டென்ஷன், முடி கொட்டினாலும் டென்ஷன். இதில் பாதி உண்மை. மீதிப் பாதி, டென்ஷனான அந்த வாரத்தில் நாம் என்ன செய்தோம் என்பதில் இருக்கிறது: எத்தனை டீ குடித்தோம், எத்தனை மணிக்குப் படுத்தோம், எந்த வேளைச் சாப்பாடு விட்டுப்போனது, எந்த மாத்திரையைப் போட மறந்தோம். கடனையோ மேலதிகாரியையோ இந்த மாதமே மாற்றிவிட முடியாது. இந்த இரண்டாவது பாதியில் கைவைக்க முடியும், பலன் இருக்கிறதா என்று அளந்தும் பார்க்க முடியும்.

கீழே இருப்பது நான்கு வார வேலை. கடலூர், புதுச்சேரிப் பக்கத்து ஆட்களை மனத்தில் வைத்து எழுதியது: சிப்காட்டிலோ நெய்வேலியிலோ ஷிப்ட் பார்ப்பவர், முதுநகர்த் துறைமுகத்தில் விடியுமுன் ஏலத்துக்கு நிற்பவர், கடலூரிலிருந்து பாண்டிக்குத் தினமும் பஸ் பிடிப்பவர், வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்பவர்.

தேவைப்படுவது மூன்று: 40 பக்க நோட்டு ஒன்று, தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப், மேல்கையில் கட்டும் டிஜிட்டல் பி.பி. மெஷின். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கை கொஞ்சம் தாழ்ந்தாலே அளவு மாறிவிடும். மெஷின் வாங்க வசதியில்லை என்றால் உறவிலோ அக்கம்பக்கத்திலோ முதல் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் இரவல் கேளுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் கிடைக்கும்.

உடம்புக்குள் நடப்பது

யாராவது திட்டும்போது, கடன்காரர் போன் வரும்போது, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி சில நொடிகளில் அட்ரினலினை விடுகிறது. நாடித்துடிப்பு கூடும், பிரஷர் ஏறும், கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை ரத்தத்தில் விடும், கழுத்தும் தாடையும் இறுகும், செரிமானம் மந்தமாகும். சண்டை போடவோ ஓடவோ உடம்பு தயாராகும் இந்த நிலையை அமெரிக்க உடலியலாளர் வால்ட்டர் கேனன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விவரித்துவிட்டார். அடுத்த சில நிமிடங்களில் அதே சுரப்பியின் வெளிப்பகுதியிலிருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடுகிறது. இது மெதுவாக ஏறும், மெதுவாகவே இறங்கும். வழக்கமாகக் கண்விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்தில் இருந்து, நள்ளிரவையொட்டி அடிமட்டத்துக்கு வரும்.

ஏறியது இறங்கினால் கெடுதல் இல்லை. ஏலம் முடிந்ததும் இறங்க வேண்டும், பரீட்சை முடிந்ததும் இறங்க வேண்டும். வாரக்கணக்கில் இறங்காமல் நிற்கும்போதுதான் பிரஷர், சுகர், தூக்கம், நோயெதிர்ப்புச் சக்தி எல்லாவற்றிலும் தடம் விழுகிறது. மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் கையில் சின்னதாக ஒரே அளவு காயம் ஏற்படுத்தி, ஆற எத்தனை நாள் ஆகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 1995இல் வெளிவந்த முடிவு: அதே வயதுள்ள மற்றப் பெண்களைவிட இவர்களுக்கு ஏறத்தாழ 9 நாள் கூடுதல். நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் உடம்பையும் ஒருவர் கவனிக்க வேண்டும் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

இது நேர் வழி. சுற்று வழி நம் நடத்தை. கவலையில் தூக்கம் தள்ளிப்போகும், தூக்கம் கெட்டால் காலையில் பசிக்காது, பசிக்காததால் வெறும் வயிற்றில் டீ, பதினொரு மணிக்குத் தலைவலி, தலைவலிக்கு மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை, மாத்திரையால் வயிற்றெரிச்சல். கடைசியில் "டென்ஷனால அல்சர்" என்று பெயர். அல்சருக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, வலி மாத்திரைகள். கிருமியை அடையாளம் காட்டிய பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. கவலை எரிச்சலைக் கூட்டும் என்பது சரி. ஆனால் கிருமி இருந்தால் மருந்துதான் தீர்வு, தியானம் அல்ல.

ஆரம்பிக்குமுன் விலக்க வேண்டியவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். நெஞ்சை அழுத்தும் வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, கூடவே வியர்வை, மூச்சு வாங்குதல் என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். "கேஸ்தான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்று அரை மணி நேரம் கடத்துவதுதான் நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் பெரிய தவறு. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி தெளிவாக வராமல், வெறும் வியர்வையும் மூச்சிரைப்பும் அசதியுமாகவே மாரடைப்பு வரலாம். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராதது, பேச்சு குழறுவது இவை பக்கவாதம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

அவசரம் இல்லாதவை வேறு. படபடப்போடு எடை குறைந்தால் தைராய்டாக இருக்கலாம். படியேறினால் இளைப்பு, எப்போதும் அசதி என்றால் ரத்தசோகை. நம் பெண்களிடம் இது மிக அதிகம். பலமான குறட்டை, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குவது, குறையாத பிரஷர் மூன்றும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று டாக்டரைக் கேளுங்கள். ஹீமோகுளோபின், வெறும் வயிற்றுச் சர்க்கரை, தைராய்டுக்கான டி.எஸ்.எச். இந்த மூன்று பரிசோதனையையும் முதலில் முடித்துவிடுவது நல்லது. நோய் இருக்க, டென்ஷன் என்று பெயர் வைத்து மாதக்கணக்கில் கடத்தியவர்கள் நிறையப் பேர்.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள், அளந்து எழுதுங்கள்

உடனே டீயை நிறுத்த வேண்டும், நடக்க வேண்டும் என்று கை பரபரக்கும். பொறுங்கள். இப்போதைய அளவு தெரியாவிட்டால் நாலாவது வாரத்தில் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

பிரஷர் பார்க்கும் முறையில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி, வியர்வையோடு நாற்காலியில் சாய்ந்து, "அந்த ஃபேனைப் போடும்மா" என்று பேசிக்கொண்டே பட்டையைக் கட்டினால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. சரியான முறை இது:

1. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, டீக்கும் மாத்திரைக்கும் முன்னால். இரவில் சாப்பாட்டுக்கு முன்னாலோ படுக்கப்போகும் முன்னாலோ.
2. அதற்கு முந்தைய 30 நிமிடத்தில் டீ, காபி, பீடி, சிகரெட், நடை எதுவும் கூடாது.
3. முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். போனும் பேச்சும் வேண்டாம்.
4. சட்டைக் கையை மடித்து இறுக்கிவிடாமல், வெறும் தோலில் பட்டையைக் கட்டுங்கள். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே அதன் கீழ்விளிம்பு இருக்கட்டும்.
5. கையை மேசைமேல் வையுங்கள். பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும்.
6. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். இரண்டையும் எழுதுங்கள், நாடித்துடிப்போடு.

நிறைந்த மூத்திரப்பை, பேச்சு, தொங்கும் கை, கால்மேல் கால் ஒவ்வொன்றும் அளவைக் கூட்டிக்காட்டும். மெஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கானது. பருத்த கைக்கு அதைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். கையை இஞ்ச் டேப்பால் அளந்துவிட்டு மெஷின் வாங்குங்கள்.

ஏழு நாள் எழுதியபின் முதல் நாளை அடித்துவிட்டு, மீதி ஆறு நாளுக்குச் சராசரி எடுங்கள். முதல் நாள் புது மெஷினைப் பார்த்தே கொஞ்சம் ஏறும். வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டிய அளவு. மருத்துவமனையில் பார்க்கும்போது இந்தக் கோடு 140/90. இரண்டும் வேறு என்பதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. 180/120ஐத் தாண்டினால் 5 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் அதே அளவு, கூடவே தலைவலி, பார்வை மங்கல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு ஏதாவது இருந்தால் உடனே மருத்துவமனை.

சராசரியோடு இன்னொரு கணக்கும் பாருங்கள்: வேலை நாள் மாலை எவ்வளவு, வார விடுமுறை நாள் மாலை எவ்வளவு? சிலருக்கு டாக்டர் முன்னால் 126, வேலை முடிந்த மாலையில் 148. டாக்டர் அறையில் எடுத்த ஒரே அளவு இவர்களைக் காட்டிக்கொடுக்காது.

இடுப்பைத் தொப்புள் மட்டத்தில், மூச்சை வெளியே விட்டு, வயிற்றை எக்காமல் அளந்து எழுதுங்கள். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் நம் இனத்தவருக்குச் சர்க்கரை, இதய நோய் வாய்ப்பு கூடும். பேன்ட் சைஸை வைத்துச் சொல்லாதீர்கள். தொப்பைக்குக் கீழே பேன்ட் கட்டுபவருக்கு அது பொய் சொல்லும்.

நோட்டில் ஒரு நாளுக்கு ஒரே வரி. படுத்த நேரம், எழுந்த நேரம், டீ காபி எத்தனை, கடைசி டீ எத்தனை மணிக்கு, விட்டுப்போன வேளை, புகை, மது, போட்ட மாத்திரை, உடம்பில் என்ன தொந்தரவு, டென்ஷனுக்கு பத்துக்கு எத்தனை மார்க். அவ்வளவுதான். "இன்றும் கோபப்பட்டுவிட்டேன், நான் திருந்தவே மாட்டேன்" என்றெல்லாம் எழுத ஆரம்பித்தால் மூன்றாம் நாள் நோட்டு அலமாரிக்குள் போய்விடும். இன்னொரு தவறு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளையும் நினைவிலிருந்து நிரப்புவது. நினைவு எப்போதும் ஒன்றிரண்டு டீயைக் குறைத்தே சொல்லும்.

இரண்டாம் வாரம்: டீயும் தூக்கமும்

இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகும். காஃபீனில் பாதி உடம்பைவிட்டு வெளியேற ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதல். மாலை ஆறரை மணி டீயில் பாதி, இரவு பதினொன்றரைக்கும் உள்ளேயே வேலை பார்க்கிறது. "எனக்கு டீ குடிச்சாலும் தூக்கம் வரும்" என்பவருக்கும் ஆழ்ந்த தூக்கம் குறைந்திருக்கும். அது அவருக்குத் தெரியாது.

ஒரே நாளில் நிறுத்தினால் அடுத்த நாளே தலை பிளக்கும். இரண்டு நாளுக்கு ஒரு கிளாஸ் வீதம் குறையுங்கள், மாலைக் கிளாஸிலிருந்து ஆரம்பித்து. இலக்கு: மதியம் இரண்டு மணிக்குப் பிறகு இல்லை, ஒரு நாளுக்கு மொத்தம் இரண்டு அல்லது மூன்று. டீக்கடைக்குப் போவது டீக்காக மட்டும் இல்லை, பத்து நிமிடம் வெளியே வந்து நாலு பேரோடு நிற்பதற்காகவும்தான். அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். பாலோ, சர்க்கரை போடாத சுக்குத் தண்ணியோ, வெறும் தண்ணீரோ கையில் இருக்கட்டும். சர்க்கரைக் கணக்கும் இதில் ஒளிந்திருக்கிறது: கிளாஸுக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் 8 முதல் 10 கிராம். ஆறு கிளாஸில் 50 கிராமைத் தொட்டுவிடும். ஒரு நாள் முழுக்கச் சேர்க்கும் சர்க்கரைக்கே உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் மேல்வரம்பு ஏறத்தாழ அவ்வளவுதான்.

தூக்கத்துக்குப் படுக்கும் நேரத்தை இறுக்கிப் பிடிப்பது வீண். எழும் நேரத்தைப் பிடியுங்கள். இரவு எப்படிப் போயிருந்தாலும், ஞாயிறு உட்பட, ஒரே நேரத்தில் எழுந்து வெளிச்சத்துக்கு வாருங்கள். நாலைந்து நாளில் இரவுத் தூக்கம் தானாக முன்னால் நகரும். பாயில் படுத்து 20 நிமிடம் போலத் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். புரண்டுகொண்டே கிடந்தால், படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மூளை பழகிவிடும். மணியைப் பார்க்காதீர்கள், குத்துமதிப்புப் போதும். பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன்னால், அரை மணிக்குள்.

கவலை பாயில் வந்து உட்காருவதைத் தடுக்க ஒரு வழி உண்டு. மாலை ஏழு, எட்டு மணி வாக்கில் 10 நிமிடம் ஒதுக்கி, மனத்தை அரிக்கும் விஷயங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் நாளைக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம். "நகைக்கடன்" என்று எழுதினால் எதிரில் "பேங்கில் வட்டி எவ்வளவு என்று கேட்பது". செய்ய ஒன்றும் இல்லாதவற்றுக்கு ஒரு கோடு. கடன் தீராது, ஆனால் இரவு ஒரு மணிக்கு அதையே திரும்பத் திரும்பக் கணக்குப் போடுவது குறையும்.

மெடிக்கலில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவது பற்றி ஒரே வரி: அல்பிரசோலம் போன்றவை சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும், திடீரென நிறுத்தினால் படபடப்பும் வலிப்பும்கூட வரலாம். ஏற்கெனவே பழகியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். தலைவலி மாத்திரையும் அப்படித்தான். மாதத்தில் 10, 15 நாளுக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகைகள் பிரஷரையும் ஏற்றும்.

நைட் ஷிப்ட்காரர்களுக்கு

மேலே சொன்ன "ஒரே நேரத்தில் எழுவது" உங்களுக்கு ஒத்துவராது. அதற்குப் பதில் இவை. வேலைக்குப் போகும்முன் வயிறாரச் சாப்பிடுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பரோட்டாவும் பிரியாணியும் வேண்டாம், ஏனென்றால் அந்த நேரத்தில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருக்கும். சுண்டல், வாழைப்பழம், மோர் போதும். டீயை ஷிப்டின் முதல் பாதியோடு நிறுத்திவிடுங்கள். விடிந்து வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் வெயில் பட்டுத் தூக்கம் கலைவது குறையும். கண் சொக்கினால் வண்டியைக் கிளப்பாதீர்கள். பார்க்கிங்கிலேயே 20 நிமிடம் தலை சாய்த்துவிட்டுப் புறப்படுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை தூக்கம். ஜன்னலுக்குக் கெட்டியான போர்வை, போன் சைலன்ட், வாசலில் யாரும் கூப்பிடக்கூடாது என்று வீட்டில் ஓர் ஒப்பந்தம். பிரஷர், சர்க்கரை மாத்திரை போடுபவர், முக்கியமாக இன்சுலின் போடுபவர், தன் ஷிப்ட் அட்டவணையை டாக்டரிடம் காட்டி நேரம் மாற்றிக்கொள்ள வேண்டும். தானாக மாற்றினால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழ நேரும்.

மூன்றாம் வாரம்: மூச்சும் நடையும்

மூச்சுப் பயிற்சியைப் பலர் ஆரம்பித்து இரண்டே நாளில் விடுவதற்குக் காரணம், ஆழமாக இழுக்க வேண்டும் என்ற எண்ணம். பலமாகவும் வேகமாகவும் இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் மரத்து, தலை சுற்றும். "எனக்கு இது ஒத்துக்கலை" என்று விட்டுவிடுவார்கள். தேவை ஆழம் இல்லை, நிதானம்தான். மூக்கால் 4 எண்ணும்வரை சாதாரண அளவு இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். நடுவில் அடக்க வேண்டாம். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். ஒரு கையை வயிற்றின்மேல் வைத்தால் அது எழும்பித் தாழ வேண்டும். தோள் தூக்கினால் தவறு. மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக நாடித்துடிப்பு இறங்குகிறது, அதனால்தான் விடும் நேரம் நீளம். ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. டென்ஷன் உச்சத்தில் இருக்கும்போது முதன்முதலாகச் செய்து பார்த்தால் வராது. சும்மா இருக்கும்போது ஒரு வாரம் பழகினால்தான் அப்போது கைகொடுக்கும். பாண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

கழுத்துவலி, தாடை இறுக்கம், பல்லைக் கடிக்கும் பழக்கம் இருப்பவர்கள் இதோடு தசை தளர்த்தலையும் சேருங்கள். முஷ்டியை 5 நொடி இறுக்கி, 15 நொடி தளர விடுங்கள். அப்படியே தோள், தாடை, வயிறு, கால் என்று இறங்குங்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வலி இருக்கும் இடத்தை மட்டும் பலமாக இறுக்காதீர்கள்.

நடை: வாரத்தில் 150 நிமிடம். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். புதுச்சேரியில் கடற்கரைச் சாலை இதற்கென்றே அமைந்தது. மாலையிலிருந்து மறுநாள் காலைவரை வண்டி விடமாட்டார்கள், ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர், ஒரு தடவை போய்த் திரும்பினால் அன்றைய நடை முடிந்தது. கடலூரில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை. உலர்ந்த மணலில் நடந்தால் கெண்டைக்கால் சீக்கிரம் பிடிக்கும். நடக்க ஆரம்பிக்கும் வாரத்தில் சிமென்ட் பாதை அல்லது ஈர மணல். சித்திரை, வைகாசியில் இந்தக் கரையோரப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாது, உடம்புச் சூடு இறங்காது; காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். நெஞ்சு அடைத்தால் நடையை நிறுத்திவிட்டு இ.சி.ஜி. எடுங்கள். 30 நிமிடம் சேர்ந்தாற்போலக் கிடைக்காதவர்கள் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடக்கலாம். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரைக்கு அது இன்னும் நல்லது.

மது

"டென்ஷனுக்கு ஒரு குவாட்டர்" என்று சொல்பவரோடு வாதாடுவதைவிடக் கணக்கைக் காட்டுவது பலன் தரும். 180 மில்லி பிராந்தியில் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது, 30 மில்லிக்கு 10 கிராம் வீதம். குடித்ததும் கண் மூடும், உண்மை. நள்ளிரவுக்குப்பின் அது உடம்பைவிட்டு இறங்கும்போது தூக்கம் துண்டு துண்டாகும், விடியலில் நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும். அந்தப் படபடப்பையும் டென்ஷன் கணக்கிலேயே எழுதி மறுநாளும் குடிக்கிறோம். சனிக்கிழமை பாண்டிக்குப் போய் வந்தால், ஞாயிறு காலை பிரஷரை நோட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்; நோட்டே பேசும்.

எச்சரிக்கை ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் பிதற்றல்வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்டவருக்கு மருத்துவமனையில் வைத்து நிறுத்துவதே சரி. வீட்டார் பாட்டிலை ஒளித்துவைத்து வீரம் காட்ட வேண்டாம்.

புகை பற்றிச் சுருக்கமாக: சிகரெட் தரும் "நிம்மதி" பெரும்பாலும் முந்தைய சிகரெட்டின் நிகோட்டின் இறங்கியதால் வந்த தவிப்பு அடங்குவதுதான். உதட்டில் அடக்கும் புகையிலைக்கும் இதுவே.

ஊர்க் காலண்டர்

இந்தக் கடலோரத்தில் சில மாதங்கள் எல்லோருக்கும் சேர்ந்தே கனக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வருமானம் நிற்கும், பகல் நீளும், சீட்டுக்கட்டும் பாட்டிலும் வெளியே வரும், குழம்பில் மீனுக்குப் பதில் கருவாடு. உப்பு ஒரு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்தான் கணக்கு. கருவாட்டை இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, குழம்பில் உப்பைக் குறைத்துப் போடுங்கள், அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம். பிரஷர்காரர்கள் மே மாதத்தில் ஒரு தடவை ஏழு நாள் அளவு எடுப்பது நல்லது.

அடுத்தது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. 2011 டிசம்பர் 30இல் தானே, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் இந்தக் கரையில் ஏறியிருக்கின்றன. புயல் வாரத்தில் பயத்தோடு சேர்ந்து கெடுவது மாத்திரை: கரன்ட் இல்லை, கடை இல்லை, சீட்டு நனைந்துபோகும். அக்டோபர் பிறந்ததும் இரண்டு வார மாத்திரையையும் சீட்டின் நகலையும் தண்ணீர் புகாத கவரில் போட்டு வையுங்கள். பிரஷர் மாத்திரையை நாலு நாள் விட்டால் ஏறும் அளவைப் புயலின் தலையில் போட முடியாது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் இருந்தால் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டம் அது.

நான்காம் வாரம்: மறுபடி அளவு

முதல் வாரம் செய்ததையே அதே நேரத்தில், அதே நாற்காலியில், அதே கையில் செய்யுங்கள். மேல் எண் 4, 5 குறைந்திருந்தாலே அது நல்ல மாற்றம். இருபது குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். தூக்கம் பெரும்பாலும் முதலில் சீராகும், தலைவலியும் வயிற்றுத் தொந்தரவும் அதன் பின்னால் வரும், இடுப்பு அசைய இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும். அளவு இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது கடைசியாக வரும் பெரிய தவறு. மாத்திரையோடு சேர்ந்துதான் அந்த அளவு.

ஒன்றும் அசையவில்லை என்றால் நோட்டைப் புரட்டுங்கள். பழக்கம் மாறியும் அளவு மாறாவிட்டால் மருந்து தேவைப்படலாம். பழக்கமே மாறவில்லை, காலையில் எழ மனமில்லை, எதிலும் நாட்டமில்லை, இரண்டு வாரமாக அப்படியே என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை இருக்கிறது. அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். நேரில் என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு, புதுச்சேரிப் பக்கம் கோரிமேட்டில் ஜிப்மர். செத்துப்போனால் தேவலை என்று ஒருவர் சொன்னால் அதைச் சும்மா பேச்சாக எடுக்காதீர்கள். தனியே விடாமல் கூட இருந்து, வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை அப்புறப்படுத்திவிட்டு, அந்த எண்ணைக் கூப்பிடுங்கள் அல்லது நேரே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

ஓ.பி.யில் கிடைக்கும் இரண்டு நிமிடத்துக்குத் தயாராகப் போங்கள். நோட்டு முழுவதையும் நீட்டினால் யாராலும் படிக்க முடியாது. ஒரு துண்டுக் காகிதத்தில் நாலே வரி: முதல் வாரச் சராசரி, நான்காம் வாரச் சராசரி, போடும் மாத்திரைகளின் பெயர் (மெடிக்கலில் நீங்களாக வாங்கியதும் சேர்த்து), பெரிதாகத் தொந்தரவு தருவது ஒன்று. "மேடம், வீட்டுல ஏழு நாள் பார்த்ததுல 142க்கு 90 வருது. டீயைக் குறைச்சு, நடந்து, இப்ப 137க்கு 88. ராத்திரி குறட்டை இருக்குன்னு வீட்டுல சொல்றாங்க" என்று ஆரம்பித்தால், அடுத்த கேள்வி சரியான இடத்திலிருந்து வரும்.